கோட்டுக்கு எந்தப் பக்கம் வீடு?



இன்றைக்கு வீடு வாங்குவதைப் பற்றிய பேச்சு என்று நினைத்து வந்தவர்கள் பாதி சரி. மீதிப் பாதி, பள்ளிக்கூடம். அமெரிக்காவில் இந்த இரண்டையும் ஒரு கோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருக்கிறது. தெருவில் நடந்து போனால் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாது. விலைப்பட்டியலில் மட்டும் பளிச்சென்று தெரியும். அந்தக் கோட்டைப் பற்றித்தான் இந்த ஒரு மணி நேரம்.

ஒரு தம்பதியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கணவருக்குத் திருச்சி, மனைவிக்கு ஈரோடு. டல்லாஸுக்கு வடக்கே எட்டு வருடமாக வாடகை அபார்ட்மெண்ட். மகளுக்கு நான்கு வயது முடிந்துவிட்டது, அடுத்த ஆண்டு கிண்டர்கார்டன். சனிக்கிழமை காலை, காபி ஆறிக்கொண்டிருக்க, இருவரும் சோபாவில் உட்கார்ந்து போனில் வீடுகளைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார்கள். வாசல் கிழக்கு பார்த்திருக்கிறதா, சமையலறையில் கேஸ் அடுப்பா என்பதெல்லாம் பிறகு. கண் முதலில் போவது பள்ளிப் பெயருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சின்ன எண்ணுக்கு. பத்துக்கு ஒன்பது என்றால் விரல் நிற்கிறது. பத்துக்கு ஐந்து என்றால் விரல் தள்ளிவிடுகிறது.

ஆறு லட்சம் டாலர் வீடு. முப்பது வருடக் கடன். ஒரு குழந்தையின் பதின்மூன்று வருடப் படிப்பு. எல்லாவற்றையும் அந்த ஒற்றை எண் தீர்மானிக்கிறது. அந்த எண்ணை யார் போட்டார்கள்? அது எதை அளக்கிறது? கேட்டிருக்கிறோமா?

கேட்பதற்கு முன்னால், அந்தக் கோடு சுற்றி வளைக்கும் பள்ளி மாவட்டம் என்பது என்ன என்று பார்த்துவிடுவோம். மாவட்டம் என்றதும் நமக்குக் கலெக்டர் ஆபீஸ் நினைவுக்கு வரும். இங்கே ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்பது பள்ளிகளை நடத்துவதற்கென்றே இருக்கிற ஒரு குட்டி அரசாங்கம். பெரும்பாலும் மக்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழு, அந்தக் குழு நியமிக்கும் சூப்பரின்டெண்டென்ட், பல மாநிலங்களில் தானே வரி விதிக்கும் உரிமை. நாடு முழுவதும் இப்படி ஏறத்தாழ 13,000 மாவட்டங்கள். மேரிலாந்தில் ஒரு கவுண்டி முழுவதும் ஒரே மாவட்டம். நியூஜெர்சியில் 21 கவுண்டிகளுக்குள் அறுநூறு வாக்கில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. ஆகவே மேரிலாந்துக்காரர் சொல்லும் யோசனை நியூஜெர்சிக்காரருக்கு உதவாது. இரண்டும் உதவாமல் போகக்கூடிய இடம் டெக்சாஸ்.

பணம் எங்கிருந்து வருகிறது? அரசுப் பள்ளிகளுக்கான செலவில் சுமார் 45 சதவீதம் உள்ளூர்ப் பணம். அதில் பெரும்பகுதி வீட்டு வரி. வீட்டு மதிப்பு உயர்ந்த ஊரில் வரி கொட்டும்; கொட்டுகிற வரியில் பள்ளி செழிக்கும்; பள்ளி செழித்தால் வீட்டு மதிப்பு இன்னும் உயரும். சுற்றிச் சுற்றி வருகிற செக்கு. இந்தச் செக்கைச் சிலர் நிறுத்தப் பார்த்தார்கள்.

1968 மே மாதம். டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரம். எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளியிலிருந்து ஏறத்தாழ 400 மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்து சூப்பரின்டெண்டென்ட் அலுவலகத்தை நோக்கி நடந்தார்கள். உடைந்த ஜன்னல்கள், தகுதிச் சான்று இல்லாத ஆசிரியர்கள், பொத்தலான கட்டடம். பெரும்பாலும் மெக்சிகோ வழி வந்த தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள். அதே நகர வட்டாரத்தில், சில மைல் தள்ளி, அலமோ ஹைட்ஸ் என்ற பணக்கார மாவட்டம்.

இப்போது கணக்கைக் கவனியுங்கள். எட்ஜ்வுட் மக்கள் தங்கள் சொத்தின் ஒவ்வொரு 100 டாலர் மதிப்புக்கும் 1.05 டாலர் வரி கட்டினார்கள். அலமோ ஹைட்ஸ் மக்கள் 85 சென்ட் கட்டினார்கள். அதிகம் கட்டியது யார்? ஏழை மாவட்டம். அந்த வரியில் ஒரு மாணவருக்குத் திரண்டது எவ்வளவு? எட்ஜ்வுட்டில் 26 டாலர். அலமோ ஹைட்ஸில் 333 டாலர். கூடுதல் விகிதத்தில் கட்டியவனுக்கு 26. குறைந்த விகிதத்தில் கட்டியவனுக்கு 333.

டிமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற தகப்பன் மற்ற பெற்றோர்களோடு சேர்ந்து வழக்குப் போட்டார். விமானப்படைத் தளத்தில் உலோகத் தகடு வேலை பார்த்தவர். வழக்கு வாஷிங்டன் வரை போனது. 1973 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. கல்வி, கூட்டாட்சி அரசியல் சட்டம் காக்கும் அடிப்படை உரிமை அல்ல என்றது பெரும்பான்மை. எதிர்த்த நால்வரில் ஒருவரான நீதிபதி தர்குட் மார்ஷல் நீண்ட மறுப்பு எழுதினார். ஒரே ஓர் ஓட்டு. அது மாறியிருந்தால் இன்றைக்கு நம் தம்பதி சோபாவில் வேறு எதையாவது பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கதை அங்கே முடியவில்லை. டெக்சாஸின் சொந்த அரசியல் சட்டத்தை வைத்து எட்ஜ்வுட் மறுபடியும் வழக்காடியது. 1989-இல் மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதன் பக்கம் நின்றது. 1993-இல் வந்த சட்டத்துக்கு மக்கள் வைத்த பெயர் ராபின் ஹூட். பணக்கார மாவட்டங்கள் வசூலிக்கும் வரியில் ஒரு பகுதி மாநிலத்துக்குப் போய் மற்ற மாவட்டங்களுக்குப் பிரிகிறது. ஆஸ்டின் மாவட்டம் இப்படிக் கொடுப்பதில் மாநிலத்திலேயே முதலிடம். ஆஸ்டினில் வீடு வாங்கியவர், தான் கட்டும் வரி முழுவதும் தன் பிள்ளையின் வகுப்பறைக்குப் போகிறது என்று நினைத்தால், அந்த நினைப்பைத் திருத்திக்கொள்ள வேண்டும். வரி அதிகமென்றால் பள்ளி நன்றாகத்தான் இருக்கும் என்ற கணக்கும் அங்கேயே உடைகிறது.

சரி, அந்தச் சின்ன எண்ணுக்கு வருவோம்.

1998-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய கிரேட்ஸ்கூல்ஸ் என்ற அமைப்பு பள்ளிகளுக்கு ஒன்றிலிருந்து பத்து வரை மதிப்பெண் போடுகிறது. வீடு விற்கும் செயலிகளில் நாம் பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான். பல ஆண்டுகள் அந்த மதிப்பெண் முக்கியமாக மாநிலத் தேர்வின் சராசரியையே நம்பியிருந்தது. பிறகு, மாணவர்கள் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு முன்னேறுகிறார்கள் என்பதையும் சேர்க்கத் தொடங்கினார்கள்.

சராசரிக்கும் முன்னேற்றத்துக்கும் என்ன வித்தியாசம்? மாநிலத் தரவரிசை வெளியான காலத்து நாமக்கல் பள்ளிகளை நினைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பில் 450-க்கு மேல் வாங்கியவர்களாகப் பொறுக்கிப் பதினொன்றில் சேர்த்துக்கொள்வார்கள். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் பேருந்து நிலையத்துக்கு எதிரே பிரம்மாண்டமான ஃப்ளெக்ஸ். மாநில முதலிடம்! பள்ளி முதலிடமா, பொறுக்கி எடுத்த கை முதலிடமா? நம் ஊரில் அந்தப் பொறுக்கல் வெளிப்படையாக நடக்கும், எல்லோருக்கும் தெரியும். இங்கே அந்த வேலையை வீட்டு விலை ஓசையில்லாமல் செய்கிறது. எட்டு லட்சம் டாலர் கொடுக்க முடிந்தவர்கள் மட்டும் குடிவரும் ஊரில் பெரும்பாலான பெற்றோர் பட்டதாரிகள். வீட்டில் புத்தக அலமாரி இருக்கும், சனிக்கிழமை கணக்கு வகுப்பு இருக்கும். அந்தப் பிள்ளைகளை எந்தக் கூரைக்கு அடியில் உட்கார வைத்தாலும் சராசரி உயரத்தான் செய்யும்.

இது மேடைப் பேச்சுக்காகச் சொல்வதல்ல. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன், நாட்டின் கிட்டத்தட்ட எல்லா மாவட்டங்களின் தேர்வு விவரங்களையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்தார். மாநிலத்துக்கு மாநிலம் தேர்ச்சி என்ற சொல்லுக்குப் பொருள் மாறுகிறது என்பதால் அந்த வேலை அவசியப்பட்டது. சராசரி மதிப்பெண், குடும்ப வருமானத்தை நிழல்போல ஒட்டிச் செல்வதைக் கண்டார். முன்னேற்றமோ வருமானத்தோடு அவ்வளவாக ஒட்டவில்லை. மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான ஐந்து ஆண்டுகளில் ஏறக்குறைய ஆறு ஆண்டுப் படிப்பை முடித்த பெரிய மாவட்டம் எது தெரியுமா? சிகாகோ! ஓப்பன் ஹவுஸில் எந்த ரியல்ட்டரும் குரல் தாழ்த்திக்கூடப் பரிந்துரைக்காத சிகாகோ.

ஆகையால் ஒரு மாவட்டத்தை இன்னொன்றோடு ஒப்பிடும்போது முதலில் தேட வேண்டியது வளர்ச்சி எண். சராசரி அதற்கு அப்புறம்.

அப்படியென்றால் கோட்டுக்கு விலையே இல்லையா? இருக்கிறது. அளந்தும் பார்த்திருக்கிறார்கள். சாண்ட்ரா பிளாக் என்ற பொருளாதார அறிஞர் 1999-இல் வெளியிட்ட ஆய்வு அழகானது. பாஸ்டனின் புறநகர்களில், ஒரே மாவட்டத்துக்குள், தொடக்கப் பள்ளிகளின் சேர்க்கை எல்லைக்கு இருபுறமும் உள்ள வீடுகளை மட்டும் எடுத்துக்கொண்டார். அதே அக்கம்பக்கம், அதே வரி. பள்ளி மட்டும் வேறு. தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடினால் பெற்றோர் வீட்டுக்கு 2.5 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்று கண்டார். ஆறு லட்சம் டாலர் வீட்டில் அது 15,000 டாலர். பள்ளிக் கட்டணம் இல்லை என்று நாம் பெருமையாக ஊருக்குப் போன் செய்து சொல்கிறோம். கட்டணம் இருக்கிறது, ரசீது வங்கியிலிருந்து வருகிறது.

அந்த ரசீதோடு இன்னொன்றும் வரும். நியூஜெர்சியில் சராசரி வீட்டு வரி 2024-இல் ஆண்டுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. அதில் ஏறக்குறைய பாதி பள்ளிகளுக்கு. பிள்ளை கல்லூரிக்குப் போன பிறகும் இந்த வரி போகாது, வீட்டிலேயே இருக்கும். கலிபோர்னியாவில் 1978-இல் வந்த பதின்மூன்றாம் முன்மொழிவு அடிப்படை வரியை 1 சதவீதத்தில் நிறுத்தி, வீடு கைமாறும்வரை வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயரக் கூடாது என்று கட்டிவைத்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய பக்கத்து வீட்டுப் பாட்டி கட்டுவதைப்போலப் பல மடங்கை, நேற்று குடிவந்த நம்மவர் கட்டுவார். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் போவது ஒரே பள்ளிக்கு.

விலை கொடுத்தோம், வரி கட்டினோம், கோட்டுக்கு உள்ளே வந்துவிட்டோம். இனி நிம்மதி என்று நினைக்கிறீர்களா? கோடு ஓரிடத்தில் நிற்காது, நண்பர்களே. கோடு நகரும்.

கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரத்தில் மிஷன் சான் ஹோசே என்ற உயர்நிலைப் பள்ளி. அதற்காகவே அங்கே வீடு வாங்கிய ஆசியக் குடும்பங்கள் ஏராளம். 2000-ஆம் ஆண்டில் மாவட்டக் குழு எல்லையைத் திருத்தி, வைபெல் தொடக்கப் பள்ளிப் பகுதியின் பிள்ளைகளை வேறோர் உயர்நிலைப் பள்ளிக்கு மாற்றியது. வீடு அங்கேயே இருந்தது. கோடு மட்டும் தாண்டிப் போய்விட்டது. பெற்றோர்கள் கொதித்தார்கள். தனி மாவட்டமாகப் பிரிந்துவிடுகிறோம் என்றுகூட முயன்று பார்த்தார்கள். நடக்கவில்லை.

டல்லாஸுக்கு வடக்கே நம் தம்பதி வீடு தேடும் ஃப்ரிஸ்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2003 வரை அந்த மாவட்டத்தில் ஒரே ஓர் உயர்நிலைப் பள்ளி. 2022-இல் பன்னிரண்டாவது திறந்தது. ஒவ்வொரு புதுப் பள்ளி திறக்கும்போதும் வரைபடத்தில் ஒரு கத்தி விழுந்தது. இன்னொரு வேடிக்கை: ஃப்ரிஸ்கோ நகர எல்லைக்குள் இருக்கும் எல்லா வீடுகளும் ஃப்ரிஸ்கோ பள்ளி மாவட்டத்தில் இல்லை. சில ப்ராஸ்பரில், சில லூயிஸ்வில்லில், சில லிட்டில் எல்மில். பக்கத்து ப்ளேனோ நகரத்தின் சில வீடுகளோ ஃப்ரிஸ்கோ பள்ளி மாவட்டத்தில்! நியூஜெர்சியில் பிரின்ஸ்டன் என்று தபால் விலாசம் போட்டுக்கொள்ளும் வீடுகள் பலவும் உண்மையில் வேறு டவுன்ஷிப்பின் பள்ளிகளுக்கு உரியவை. தபால்காரரின் பை வேறு, பள்ளிப் பேருந்தின் தடம் வேறு. விளம்பரத்தில் போட்டிருக்கும் பள்ளிப் பெயரை நம்பக் கூடாது. கதவு எண்ணோடு மாவட்ட அலுவலகத்தைக் கூப்பிட்டு, தொடக்கப் பள்ளி எது, நடுநிலைப் பள்ளி எது, உயர்நிலைப் பள்ளி எது, அடுத்த சில ஆண்டுகளில் எல்லை மாற்றத் திட்டம் உண்டா என்று கேட்டுவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை.

விலை ஏறிய ஊருக்கு இன்னொரு விதி காத்திருக்கிறது. கூப்பர்டினோவில் வீட்டு விலை இளம் பெற்றோர் நெருங்க முடியாத உயரத்துக்குப் போனது. சின்னக் குழந்தைகள் குறைந்தார்கள். கடைசியில் புகழ்பெற்ற அந்தத் தொடக்கப் பள்ளி மாவட்டமே, பிள்ளைகள் போதவில்லை என்று 2022-இல் சில பள்ளிகளை மூடியது. பள்ளிக்காக விலை ஏறியது. ஏறிய விலையால் பள்ளிக்குப் பிள்ளை இல்லை. நம் ஊர்க் கிழவிகள் இதற்கென்றே ஒரு சிரிப்பு வைத்திருப்பார்கள்.

சரி, கோடு நகரவில்லை, பள்ளி மூடவில்லை, பத்துக்குப் பத்து. அந்தப் பத்துக்குள் என்ன நடக்கிறது?

வெஸ்ட் வின்ட்சர்-ப்ளைன்ஸ்போரோ, நியூஜெர்சி. இந்திய, சீனக் குடும்பங்கள் நிறைந்த மாவட்டம். 2015 இலையுதிர் காலத்தில் அதன் சூப்பரின்டெண்டென்ட் டேவிட் ஆடர்ஹோல்ட் பெற்றோருக்கு 16 பக்கக் கடிதம் எழுதினார். முந்தைய கல்வியாண்டில் 120 மாணவர்களுக்கு மனநல மதிப்பீடு பரிந்துரைக்கப்பட்டது என்றும், அவர்களில் 40 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் என்றும் அதில் இருந்தது. உயர்நிலைப் பள்ளியில் இடைத்தேர்வும் இறுதித் தேர்வும் நின்றன. வீட்டுப்பாடம் இல்லாத இரவுகள் வந்தன. வேகக் கணக்கு வகுப்பு சுருங்கியது. அவ்வளவுதான், ஊர் இரண்டாகப் பிளந்தது. பிள்ளைகள் மூச்சுவிடட்டும் என்றது ஒரு பக்கம். இதற்காகவா இவ்வளவு விலை கொடுத்து வந்தோம் என்றது மறுபக்கம். அந்தப் பக்கத்தில் நம்மைப்போல் கடல் தாண்டி வந்தவர்கள் அதிகம். அவர்களைக் கேலி செய்ய இந்த மேடை இல்லை. தேர்வு ஒன்றையே ஏணியாக வைத்து ஏறி வந்தவரிடம் ஏணியை எடுத்துவிடுகிறோம் என்றால் பதறத்தான் செய்வார். ஆனால் மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அங்கே எத்தனை மாணவர் ஆலோசகர்கள் இருக்கிறார்கள், பிள்ளைகள் எத்தனை மணிக்குத் தூங்குகிறார்கள் என்று எத்தனை பேர் விசாரித்தோம்?

டெக்சாஸ் பெற்றோருக்கு இன்னும் சுவையான ஒரு சிக்கல். 1997-இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது. எந்த உயர்நிலைப் பள்ளியானாலும் அதன் முதல் 10 சதவீத மாணவர்களுக்கு மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் அந்த வாசல் குறுகிக்கொண்டே வந்து, 2026 சேர்க்கையில் 5 சதவீதமாகிவிட்டது. இப்போது சொல்லுங்கள். ஐந்நூறு பேர் படிக்கும் வகுப்பில் ஐந்து சதவீதம் என்றால் இருபத்தைந்து இடம். பத்துக்குப் பத்து பள்ளியில் அந்த இருபத்தைந்துக்கு மோதுவது யார்? ஒவ்வொரு சனிக்கிழமையும் கணக்கு வகுப்புக்குப் போகும் பிள்ளைகள், அதாவது அதே ரேட்டிங்கைப் பார்த்து அதே தெருவில் வீடு வாங்கியவர்களின் பிள்ளைகள். பத்துக்கு ஏழு பள்ளியில் முன்வரிசையில் நின்றிருக்கக்கூடிய பெண், இங்கே எண்பதாவதாக நிற்பாள். இதைக் கணக்குப் போட்டுக் கொஞ்சம் தளர்வான பள்ளியைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களும் டெக்சாஸில் உண்டு என்று பொருளாதார அறிஞர்கள் கண்டிருக்கிறார்கள்.

யாரிடம் யோசனை கேட்பது? ரியல்ட்டரிடம் கேட்டால், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பார். 1968-ஆம் ஆண்டு நியாய வீட்டுச் சட்டப்படி, இனம் பார்த்து ஒருவரை ஓர் ஊருக்கோ இன்னோர் ஊருக்கோ தள்ளிவிடக் கூடாது. பள்ளியைப் பற்றிய பேச்சு அந்தத் தள்ளுதலுக்கு நல்ல திரை. 120-க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் உள்ள லாங் ஐலண்டில், நியூஸ்டே நாளிதழ் மூன்று ஆண்டுகள் புலனாய்வு செய்து 2019-இல் அதன் முடிவை வெளியிட்டது. வீடு வாங்க வருவதுபோல ஆட்களை அனுப்பிச் சோதித்ததில், கறுப்பினத்தவரை ஏறக்குறைய பாதிச் சோதனைகளில் வேறுவிதமாக நடத்தினார்கள் என்பதற்குச் சான்று கிடைத்தது. ஆசியர்களுக்கு அது 19 சதவீதம். நல்ல பள்ளி என்று காதோடு யாராவது சொன்னால், அந்தச் சொல்லுக்குள் என்ன பொதிந்திருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. ஓஹாயோவின் ஆக்ரன் நகரத்துத் தாய் ஒருவர், தன் இரண்டு பெண்களைத் தாத்தாவின் விலாசத்தைக் கொடுத்துப் பக்கத்து மாவட்டப் பள்ளியில் சேர்த்தார். 2011-இல் பொய் ஆவணம் கொடுத்ததாகத் தண்டிக்கப்பட்டு ஒன்பது நாள் சிறையில் இருந்தார். நாடே கொந்தளித்த பிறகு, மாநில ஆளுநர் அந்தக் குற்றத்தின் கடுமையைக் குறைத்தார். உறவினர் விலாசத்தைக் கொடுத்துச் சமாளிக்கலாம் என்று நம்மவர்களில் சிலர் சாதாரணமாகச் சொல்வதைக் கேட்கும்போது இந்தத் தாயின் நினைவுதான் வருகிறது.

நேர்மையான வழி ஒன்று கண்ணெதிரே இருக்கிறது, பலர் அதை மறந்துவிடுகிறார்கள். பள்ளியில் சேரத் தேவை குடியிருப்பு மட்டுமே. சொந்த வீடு அல்ல. வாடகை ஒப்பந்தமே போதும். பெற்றோரின் விசா நிலையும் தடையில்லை. குடியேற்ற நிலையைக் காட்டிப் பிள்ளைக்குப் பள்ளிக் கதவைச் சாத்தக் கூடாது என்று 1982-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு வருடம் அந்த மாவட்டத்தில் வாடகைக்கு இருந்து பார்த்துவிட்டு வாங்குகிறவர்கள் பிழைக்கத் தெரிந்தவர்கள்.

பேச்சு தாமதமாகும் குழந்தை, ஆட்டிசம் உள்ள குழந்தை இருக்கும் வீடுகளுக்கு ரேட்டிங் எண் சுத்தமாக உதவாது. 1975-இல் வந்த சட்டப்படி, அந்தக் குழந்தைக்கேற்ற தனிக் கல்வித் திட்டத்தை மாவட்டம் எழுதித் தர வேண்டும். எழுதித் தருவதில் மாவட்டத்துக்கு மாவட்டம் மலையும் மடுவும்போல வேறுபாடு. அதை அங்கே ஏற்கெனவே பிள்ளையைப் படிக்கவைக்கும் இன்னொரு தாயிடம் கேட்டால்தான் தெரியும். தமிழுக்கும் இது பொருந்தும்: வார இறுதித் தமிழ்ப் பள்ளிப் படிப்பை அயல்மொழிப் பாடமாகச் சில மாவட்டங்கள் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன, சில எடுப்பதில்லை.

நம் திருச்சி-ஈரோட்டுத் தம்பதி என்ன ஆனார்கள்? விரலால் தள்ளிவிட்ட ஐந்தையும் ஆறையும் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு வீடுகளைக் குறித்துக்கொண்டு, கதவு எண்ணைச் சொல்லி மாவட்ட அலுவலகத்தைக் கூப்பிட்டார்கள். மாலை மூன்று மணிக்குப் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒரு நாள் இரவு, மாவட்டக் குழுவின் பொதுக்கூட்டத்துக்குப் போனார்கள். ஓட்டு இல்லாதவர்களும் உட்காரலாம். பெயர் பதிந்தால் சில நிமிடம் பேசவும் விடுவார்கள். முப்பது நாற்காலிகளில் ஒன்பது பேர். பட்ஜெட், பேருந்து ஒப்பந்தம், கூரை பழுது என்று ஒவ்வொன்றாக முடிந்த பிறகு, திரையில் ஒரு வரைபடம் விழுந்தது. அடுத்த ஆகஸ்டுக்கான சேர்க்கை எல்லை. ஈரோட்டு அம்மா மெல்ல எழுந்து முன்வரிசைக்குப் போய், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவர்கள் குறித்து வைத்திருந்த தெரு கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடத் தொடங்கினார்.